நெதர்லாந்துக்கு முதல் நேரடி ஆர்டர்: 10,000 டி-ஷர்ட், பீஸ் 1.80 டாலர். காசு எங்கே ஒழுகும்?

கோவில்வழி_பனியன் (கேள்வி)

திருப்பூரில் 22 மெஷின் உள்ள தையல் யூனிட் (பவர் டேபிள்). இதுவரை எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் மட்டும்தான். இப்போது நெதர்லாந்தில் ஒரு சின்ன இறக்குமதியாளர் நேரடியாக ஆர்டர் தருகிறேன் என்கிறார்.

ஆண்கள் ரவுண்ட் நெக், அரைக்கை, 100% காட்டன் சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்). நாலு கலர், கலருக்கு 2,500 பீஸ். பிரிண்ட் கிடையாது. விலை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி (அங்கே கப்பல் ஏற்றும் வரை செலவு என்னுடையது) 1.80 டாலர். பேமெண்ட் டி.ஏ. (பில்லை ஏற்றுக் கையெழுத்திட்டு காகிதத்தை வாங்கிக்கொண்டு, காசைப் பிறகு தருவது) 60 நாள், சரக்கு கைக்கு வந்த தேதியிலிருந்து. ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் அனுப்பும் ஏஜென்ட்) அவர் சொல்கிற ஆள்.

என் கணக்கு: பீஸுக்கு துணி 200 கிராம், நூல் கிலோ 270, தையல் பேக்கிங் எல்லாம் சேர்த்து அடக்கம் 138 ரூபாய். டாலர் 89 என்றால் 160 வருகிறது. 22 ரூபாய் நிற்கும், 10,000 பீஸுக்கு 2.20 லட்சம். ஆனால் யாரைக் கேட்டாலும் "முதல் ஆர்டரில் கைக்காசு போகும்" என்று சிரிக்கிறார்கள். ஏன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி எண்), ஜிஎஸ்டி இருக்கிறது. ஆர்கானிக் காட்டனில் தர முடியுமா என்றும் பையர் கேட்கிறார்.

---

கவுண்ட்24

முதல் ஓட்டை அந்த 200 கிராமில் இருக்கிறது. எம் சைஸை வைத்துப் போட்டுப் பாருங்கள். உடல் நீளம் 72, கை 21, மடிப்புக்கும் தையலுக்கும் 10, மொத்தம் 103 செ.மீ. நெஞ்சு அகலம் 52, கூட்டல் 4, ஆக 56. முன்னும் பின்னும் சேர 103 × 56 × 2 = 11,536 சதுர செ.மீ., அதாவது 1.15 சதுர மீட்டர். 180-ஆல் பெருக்கினால் 208 கிராம். இது கட்டிங் வேஸ்ட் இல்லாத கணக்கு. 10 சதவீதம் சேர்த்தால் 228. எல், எக்ஸ்எல் விகிதம் கூடினால் இன்னும் ஏறும். பையரின் சைஸ் ரேஷியோ வராமல் விலை சொன்னதே தப்பு.

228 என்பது முடித்த துணி. சாயப்பட்டறையில் 6 சதவீதம், நிட்டிங்கில் ஒன்றரை சதவீதம் குறையும் என்று பின்னால் போனால் பீஸுக்கு 246 கிராம் நூல் வாங்க வேண்டும்.

இனி என் கணக்கு: நூல் 66.40. நிட்டிங் கிலோ 13 வீதம் 3.20. மீடியம் ஷேடு சாயம் கிலோ 90 வீதம் 21.80. காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி முன்பே அழுத்திச் சுருக்குவது) 2.10. கழுத்து ரிப் 2. துணி மட்டும் 95.50 வந்துவிட்டது. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் 32. லேபிள், டேக், பாலிபேக், அட்டைப்பெட்டி 9. டெஸ்டிங், இன்ஸ்பெக்‌ஷன், லாரி, கிளியரிங் எல்லாம் சேர்த்து 60,000 என்றால் பீஸுக்கு 6. செகண்ட்ஸ், ரிஜெக்‌ஷன் 3 சதவீதம் என்று 4. மொத்தம் 146.50. கூலி ரேட்டுகளை உங்கள் ஏரியாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கிராமை மாற்றாதீர்கள்.

இன்னொன்று, நூல் நம்பர், அதாவது கவுண்ட் (எண் கூடினால் நூல் மெல்லிசு) என்னவென்று நீங்கள் எழுதவே இல்லை. 180 சிங்கிள் ஜெர்சிக்கு 24 கவுண்ட் பக்கம் போக வேண்டும். 30 கவுண்ட் விலையைக் கேட்டு கோட் செய்துவிட்டு, பிறகு அதிலேயே 180 கொண்டுவரச் சொல்லி நிட்டிங்காரரை நெருக்கினால் லூப் இறுகி துணி அட்டை மாதிரி வரும். இயல்பாக விட்டால் 150-ல் நிற்கும், பையரின் ஆள் கட்டரில் வட்டம் வெட்டி எடை போட்டதும் ரிஜெக்ட்.

நூல் விலையையும் ஆர்டர் உறுதியான அன்றே கட்டிவிடுங்கள். 2022-ல் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, பழைய விலைக்கு ஆர்டர் எடுத்திருந்தவர்களுக்குத் தப்ப வழியில்லாமல் போனது. பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதம் 2021-ல் வந்தது, 2022-ல் சில மாதம் நீங்கியது, திரும்ப வந்தது, 2025 ஆகஸ்டில் அந்த வருடக் கடைசி வரைக்கும் மறுபடி நீங்கியது. மில்காரருக்கே அடுத்த மாதம் தெரியாது.

---

பேங்க்மேசை

கவுண்ட்24 போட்டதில் வட்டி இல்லை. அதைச் சேருங்கள்.

நூல்காரருக்கு முதல் நாளே காசு, அல்லது ஒரு வாரம். தையலுக்கு சனிக்கிழமை சம்பளம். நூல் வாங்கிய நாளை 0 என்று வைத்தால் 50-ம் நாள் கப்பல். செங்கடல் தாக்குதல்கள் 2023 கடைசியில் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் ஐரோப்பா போகின்றன, 10 முதல் 14 நாள் கூடுதல். கொழும்பில் கப்பல் மாறி ராட்டர்டாம் சேர 40 நாள் என்று வையுங்கள். 90-ம் நாள் சரக்கு அவர் கையில். அதிலிருந்து 60. உங்கள் காசு 150-ம் நாள்தான் வரும், எல்லாம் சரியாக நடந்தால்.

14 லட்சம் 5 மாதம் முடங்கினால் 10 சதவீத வட்டியில் 58,000 சொச்சம், பீஸுக்கு 6 ரூபாய். அடக்கம் 152.50. நிற்பது ஏழே முக்கால் ரூபாய். டாலர் 4 ரூபாய் இறங்கினால் அதுவும் கிட்டத்தட்ட காலி. வங்கியில் டாலர் விலையை இன்றே கட்டிவைக்கும் ஃபார்வர்டு கான்ட்ராக்ட் போடுங்கள். ஏற்றுமதிக் கடனுக்கு அரசு கொடுத்துவந்த பழைய வட்டிச் சமன் திட்டமும் 2024 டிசம்பர் 31-ஓடு நின்றுவிட்டது.

சின்ன யூனிட்டுக்கு இன்னொரு இடி, 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) என்று அறியப்படும் விதி. உத்யம் (அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு சாயப்பட்டறை, நிட்டிங் யூனிட்டுகளுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுத்தாக வேண்டும். மார்ச் கடைசியில் அதைத் தாண்டிய பாக்கி நின்றால் அந்தச் செலவு அந்த வருடக் கணக்கில் ஏறாது, வராத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். பையரின் காசுக்கு 150 நாள் காத்திருந்துகொண்டு இங்கே 45 நாளில் கொடுக்க வேண்டும். ஆர்டர் கையில் இருந்தும் கம்பெனிகள் மூச்சுத் திணறுவது இந்த இடைவெளியில்தான்.

"சரக்கு கைக்கு வந்த தேதியிலிருந்து" என்ற வாசகத்தை எடுத்துவிட்டு பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்குப் பத்திரம்) தேதியிலிருந்து என்று மாற்றச் சொல்லுங்கள். 40 நாள் அதிலேயே மிச்சம். முதல் ஆர்டருக்கு 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி பி.எல். ஸ்கேன் காப்பி அனுப்பியதும் என்று கேளுங்கள். மறுத்தால் விலையை 1.80-க்குக் கீழே பேசாதீர்கள்.

---

ஷிப்பிங்பில்

பேங்க்மேசை தொடாத ஓட்டை ஒன்று. அவர் நியமிக்கிற ஃபார்வர்டர் என்றால் உங்கள் கைக்கு பி.எல். வருமா, எஃப்.சி.ஆர். வருமா என்று இன்றைக்கே கேளுங்கள். எஃப்.சி.ஆர். என்பது "சரக்கை வாங்கிக்கொண்டேன்" என்று ஃபார்வர்டர் தரும் ரசீது, அவ்வளவுதான். சரக்கின் மேல் உரிமை தரும் பத்திரம் அல்ல. அதை வங்கி வழியாக அனுப்பினாலும் பையர் பில்லை ஏற்காமலே ராட்டர்டாமில் சரக்கை எடுத்துக்கொள்ள முடியும். "டு ஆர்டர்" என்று போட்ட ஒரிஜினல் பி.எல். மூன்றும் உங்கள் வங்கி மூலம் போனால்தான் பிடி இருக்கும். டி.ஏ.வில் அந்தப் பிடியும் அவர் பில்லில் கையெழுத்துப் போடும் வரைக்கும்தான். அதனால் இசிஜிசி (ஏற்றுமதிக் கடனுக்கான அரசு காப்பீட்டு நிறுவனம்) பாலிசி எடுத்து இந்தப் பையர் பெயருக்கு கிரெடிட் லிமிட் வாங்குங்கள். கப்பல் ஏறுவதற்கு முன்பு. லிமிட் இல்லாமல் ஏற்றிவிட்டு பிறகு விண்ணப்பித்தால் அந்த ஷிப்மென்டுக்கு கவர் கிடைப்பது சந்தேகம். பையரின் கடன் தகுதி எப்படி என்பதும் லிமிட் கேட்கும்போதே ஓரளவு தெரிந்துவிடும், தனியாக விசாரிக்கும் செலவு மிச்சம்.

எல்.சி. (காகிதம் சரியாக இருந்தால் காசு தருவதாக பையரின் வங்கி தரும் உறுதி) கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அதில் பீஸ் எண்ணிக்கை கறாராக இருந்தால் கவனம். எல்.சி.க்கான உலக விதித்தொகுப்பான யுசிபி 600-ல் 30-வது பிரிவு தரும் 5 சதவீதத் தளர்வு பீஸ் கணக்கில் எழுதிய அளவுக்குப் பொருந்தாது. 10,000 என்று எழுதியிருந்தால் 9,940 அனுப்பினாலே டிஸ்கிரிபன்சி, அதாவது காகிதத்தில் முரண் என்று வங்கி மறுக்கலாம். எல்.சி. திறக்கும்போதே அளவுக்கும் தொகைக்கும் கூட்டல் கழித்தல் 5 என்று எழுத வையுங்கள். "இன்ஸ்பெக்‌ஷன் சான்றிதழில் பையரின் பிரதிநிதி கையெழுத்து" என்று ஒரு வரி இருந்தால் அந்த எல்.சி.யை நம்ப வேண்டாம். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் உங்களால் டாக்குமென்டே கொடுக்க முடியாது. ஷிப்மென்ட் ஆன 21 நாளுக்குள் வங்கியில் காகிதம் சேர வேண்டும்.

சுங்கப் பக்கம்: ஏ.டி. கோடு (உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணி எண்) தூத்துக்குடியில் பதிவாகியிருக்கிறதா, சுங்க இணையதளமான ஐஸ்கேட்டில் வங்கிக் கணக்கு சரிபார்த்திருக்கிறதா என்று ஷிப்மென்டுக்கு ஒரு மாதம் முன்பே பாருங்கள். இல்லையென்றால் டிராபேக் (சுங்க வரித் திருப்பம்) காசு தொங்கும். ரோஸ்க்டில் (மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும் திட்டம்) சலுகையை ஷிப்பிங் பில்லிலேயே (சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்) கோர வேண்டும். ஏஜென்ட் விட்டுவிட்டால் பிறகு சுங்கச் சட்டம் 149-வது பிரிவில் திருத்தம் கேட்டு அலைய வேண்டியதுதான். அதுவும் ரொக்கமாக வராது, இறக்குமதி வரி கட்டப் பயன்படும் மின் ஸ்கிரிப்பாக வரும். நீங்கள் எதையும் இறக்குமதி செய்யப் போவதில்லை, ஆகவே விற்க வேண்டும், முகமதிப்புக்குச் சற்றுக் கீழே போகும். எனவே சலுகையை அடக்கத்தில் கழித்து விலை சொல்லாதீர்கள். இங்கே பலபேர் செய்கிற காரியம் அதுதான்.

ஜிஎஸ்டிக்கு எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிப் பத்திரம்) ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும். எல்யூடி வழியில் போனால் மெஷின் வாங்கிய வரி ரீஃபண்டில் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐஜிஎஸ்டி கட்டி அனுப்பினால் அந்த கிரெடிட்டையும் பயன்படுத்தலாம், ஆனால் ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைக் கணக்கில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கோடு, ஒரு பூஜ்யம் மாறினாலும் எஸ்பி005 பிழை விழுந்து ரீஃபண்ட் நிற்கும்.

---

நொய்யல்கரை

எல்லோரும் காகிதத்தைப் பேசுகிறீர்கள். முதல் ஆர்டர் விழுகிற இடம் சாயப்பட்டறை.

10,000 பீஸுக்கு சாயத்துக்குப் போகும் துணி 2,420 கிலோ. கலருக்கு 605. பட்டறையில் 600 கிலோ மெஷின் காலியாக இல்லை என்று 300, 300 ஆக இரண்டு பாத்தில் (ஒரு தடவை சாயம் ஏற்றுவது ஒரு பாத்) போட்டால் இரண்டும் அச்சு அசலாக ஒரே ஷேடில் வராது. கட்டிங்கில் ரோல்கள் கலந்தால் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. பாத் வாரியாக ரோலுக்கு நம்பர் போட்டு, பாத் வாரியாகவே கட்டிங், பாத் வாரியாகவே பெட்டி. ரிப் துணியும் அதே பாத்தில் ஏற வேண்டும், தனியாகப் போட்டால் கழுத்து வேறு நிறத்தில் நிற்கும்.

லேப் டிப்பை (பட்டறை தரும் சாய மாதிரித் துண்டு) பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் மட்டும் பார்த்து ஓகே செய்யாதீர்கள். ஐரோப்பியக் கடைகளுக்கு டிஎல்84 என்ற கடை விளக்கிலும் பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் நேவி இன்னொன்றில் சிவப்படிக்கும். பையர் கையெழுத்திட்ட டிப்பில் பாதியை வெட்டி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதி பட்டறைக்கு.

துணி வந்ததும் வெட்டாதீர்கள். பாத்துக்கு ஒரு துண்டு எடுத்து 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து அளங்கள். 50 என்பது 47.5-க்குக் கீழே வந்தால் சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, காம்பாக்டிங்குக்குத் திருப்புங்கள். அவசரத்தில் இழுத்து அகலப்படுத்தித் தந்த துணி மேசையில் நன்றாகத்தான் இருக்கும், ஒரே துவையலில் சட்டை குட்டையாகும்.

ரசாயனம்: ஐரோப்பாவின் ரீச் என்ற ரசாயன விதியில் தடைசெய்த அமீன் தரும் அசோ சாயம் கிலோவுக்கு 30 மில்லிகிராம், ஃபார்மால்டிஹைடு 75 மில்லிகிராம், என்பிஇ (ஒருவகை சோப்பு ரசாயனம்) 100 மில்லிகிராம் என்பது வரம்பு. மாட்டுவது பெரும்பாலும் மூன்றாவது. சாயத்தில் இருந்து வருவதில்லை, பட்டறை வாங்கும் மலிவான சோப்பு, வெட்டிங் ஏஜென்டில் இருந்து வரும். கலருக்கு ஒரு டெஸ்ட், துணி நிலையிலேயே. தைத்த பிறகு ஃபெயில் ஆனால் 10,000 சட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

"கழிவுநீர்க் கட்டணம் இவ்வளவா" என்று பட்டறைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மொத்தமாக மூடின. அதற்குப் பிறகு ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுப்பதுதான் இங்கே முறை. அந்த ஆவியாக்கிக்கு எரிக்கும் விறகும் கரண்டும் உங்கள் கிலோ ரேட்டில்தான் இருக்கிறது. போட்டி நாடுகளில் எல்லா இடத்திலும் இந்தச் செலவு இல்லை என்பது உண்மை. ஆற்றை விலையாகக் கொடுத்து மலிவாக விற்ற காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆர்கானிக் இந்த ஆர்டரில் வேண்டாம். கோட்ஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று) என்றால் நிட்டிங், சாயம், தையல் எல்லா யூனிட்டும் அதன் ஸ்கோப் சான்றிதழுக்குள் இருக்க வேண்டும். ஒன்று வெளியே இருந்தாலும் டிரான்ஸாக்‌ஷன் சான்றிதழ் வராது, அது வராமல் டேக் மாட்ட முடியாது.

---

கவுண்ட்24

நொய்யல்கரை சொன்ன தாமதங்கள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் காசாகும்: விமானம்.

60 பீஸ் பெட்டி, 60 × 40 × 30 செ.மீ. என்று வையுங்கள். விமானச் சரக்கில் கன அளவை எடையாக்கும் வழக்கப்படி 72,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் 12 கிலோ, உண்மை எடையும் கிட்டத்தட்ட அதுவே. 167 பெட்டி, 2,000 கிலோ. கிலோ 250 ரூபாய்க்குக் கிடைத்தாலும் 5 லட்சம். பீஸுக்கு 50 ரூபாய். மிச்சம் ஏழே முக்கால் என்று மேலே பார்த்தோம். ஷிப்மென்ட் தவறினால் யார் செலவில் ஏர், வாரத்துக்கு எத்தனை சதவீதம் டிஸ்கவுண்ட், எதுவரை என்று ஆர்டர் காகிதத்திலேயே எழுத வையுங்கள். லேப் டிப் ஓகே செய்ய பையர் எடுக்கும் நாளுக்கு அவரே பொறுப்பு என்ற வரியும் வேண்டும். "சாம்பிள் அனுப்பிய 5 வேலை நாளில் பதில், தாமதமானால் ஷிப்மென்ட் தேதியும் அத்தனை நாள் தள்ளும்."

---

கோவில்வழி_பனியன்

நன்றிங்க. கிராம் கணக்கைத் திரும்பப் போட்டேன், சைஸ் ரேஷியோ வாங்கிப் பார்த்தால் 233 வருகிறது. பையரிடம் 1.95 கேட்டேன். வங்கதேசத்தில் 1.90-க்குக் கிடைக்கிறது என்கிறார். அங்கே அப்படி எப்படி முடிகிறது? உண்மையா, சும்மா அடிக்கிறாரா?

---

ஷிப்பிங்பில்

உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு 1.90 என்பது 1.90 அல்ல. டி-ஷர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரி 12 சதவீதம். வங்கதேசம் குறைவளர்ச்சி நாடு என்ற பட்டியலில் இருப்பதால் அங்கிருந்து வருவதற்கு வரி பூஜ்யம், அதுவும் 2011 முதல் வெளிநாட்டுத் துணியை வாங்கி அங்கே தைத்தாலே போதும். கப்பல் செலவு 8 சென்ட் என்று வைத்தால் உங்கள் 1.80 சட்டை 12 சதவீத வரியோடு அவர் கிடங்கில் 2.10 டாலர் ஆகும். வங்கதேசத்துச் சட்டையை 2.00 கொடுத்து வாங்கினாலும் அவருக்கு 2.08-தான். கூலி மட்டும் காரணம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அங்கே குறைந்தபட்சக் கூலி 2023 டிசம்பரில் 12,500 டாக்கா ஆனது, அதற்குப் பிறகும் விலையில் நம்மை முந்துகிறார்கள்.

அந்தப் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. குறித்த தேதி 2026 நவம்பர் 24. ஆனால் ஐரோப்பா அதற்குப் பிறகும் 3 வருடம் சலுகை தருகிறது, 2029 வரை அவர்கள் தாங்குவார்கள். பிரிட்டனோடு நம் ஒப்பந்தம் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது, அதில் ஆயத்த ஆடைக்கு வரி நீங்குகிறது. இந்த நெதர்லாந்துக்காரரோடு பேசும்போதே ஒரு பிரிட்டன் பையரையும் தேடுங்கள். அமெரிக்காவை நம்பி மட்டும் மெஷின் போடாதீர்கள்: 2025 ஆகஸ்ட் 27-ல் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனபோது, ஏற்கெனவே 16.5 இருந்த காட்டன் டி-ஷர்ட்டுக்கு மொத்தம் 66.5. வழியில் மிதந்துகொண்டிருந்த சரக்குக்கே டிஸ்கவுண்ட் கேட்டார்கள்.

1.80-க்கும் 1.95-க்கும் நடுவில் பேசுவதற்குப் பதில் 10,000 பீஸை 4 கலரிலிருந்து 2 கலராக்க முடியுமா என்று கேளுங்கள். டெஸ்ட் செலவு பாதி, டிப் பாதி, துண்டு துணி மிச்சம் குறையும்.

---

பேங்க்மேசை

ஒன்று சேர்க்கிறேன். ஏற்றுமதிக் காசு இந்தியாவுக்கு வந்து சேர வேண்டிய காலக்கெடு பல வருடம் 9 மாதமாக இருந்தது, 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி 15 மாதமாக்கியது. பையர் இதைக் காட்டி "உங்களுக்குத்தான் டைம் இருக்கிறதே" என்பார். அது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கான கெடு. வங்கியில் வாங்கிய பில் டிஸ்கவுண்டுக்கான (பில்லை வைத்து முன்கூட்டியே வாங்கிய கடன்) கெடு வேறு. அது தவறினால் வங்கி டாலர் பில்லை ரூபாய்க் கடனாக மாற்றி (கிரிஸ்டலைஸ் செய்து) உங்கள் கணக்கில் பற்று வைக்கும், வட்டியும் ஏற்றுமதி ரேட்டிலிருந்து சாதாரண ரேட்டுக்கு மாறும்.

பையர் டெபிட் நோட் (கழிவுச் சீட்டு) போட்டு 300 டாலர் குறைத்து அனுப்பினால், "குவாலிட்டி டிஸ்கவுண்ட்" என்று பையரிடமிருந்து கடிதம் வாங்கி வங்கியில் கொடுத்து ஷிப்பிங் பில்லை முழுசாக மூடச் சொல்லுங்கள். சின்னத் தொகைதானே என்று விட்டால் அந்தப் பில் இடிபிஎம்எஸ்-ஸில் (ஏற்றுமதிக் காசைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் கணினிப் பதிவு) திறந்தே கிடக்கும், அடுத்த வருடம் லிமிட் கூட்டிக் கேட்கும்போது மேனேஜர் அதைத்தான் முதலில் எடுத்து மேசையில் போடுவார்.

---

நொய்யல்கரை

இரண்டு கலர் யோசனை சரி. அதில் ஒன்று வெள்ளையாக இருந்தால் சாயக் கூலியும் இறங்கும். ஆனால் வெள்ளைத் துணி தைக்கும் லைனில் அதற்கு முன் நேவி ஓடியிருந்தால் மெஷின் தட்டு, ஓவர்லாக் கத்தி, டேபிள் எல்லாம் துடைத்த பிறகு ஏற்றுங்கள். கலர் பஞ்சு ஒட்டிய வெள்ளைச் சட்டையை செக்கிங்கில் ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டி வரும். 10,000 பீஸ் லாட்டில் இன்ஸ்பெக்டர் 200 பீஸ் எடுப்பார், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால் 10 குறை வரை பாஸ், 11-வது கிடைத்தால் மொத்தப் பெட்டியும் திரும்பப் பிரிக்க வேண்டும்.